மூன்று வீடுகளில் ஒரே சோபா

ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு வீடுகளில் ஒரே சோபாவில் உட்கார்ந்து, மூன்று முறையும் "அடடா, நல்ல சோபாவா இருக்கே!" என்று பாராட்டிய விசாரணை அதிகாரி ஒருவர் நம் சங்கத்தில் இருந்தார். தன் பார்வை மிகக் கூர்மையானது என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தக் கூர்மையான மனிதரைத்தான் இப்போது உங்களுக்கு நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, படிவத்தை எப்படி நிரப்புவது, கோப்பில் எதை எங்கே செருகுவது என்பதையெல்லாம் ஆபீசில் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் நான் என்றைக்குமே சுமார்தான். நான் சொல்லப்போவது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலைப் பற்றி. மூன்று மணிக்கு என் முட்டாள்தனம் எனக்குத் தெரிந்தது. ஐந்து மணிக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் ஒரு பெண்பிள்ளை நடக்கப் பழகுவது நின்றுவிடும். நடுவில் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் நம் சங்கம் இயங்கியது. கீழே கருவாட்டுக் கடை. கூட்டம் நடக்கும்போது கருவாட்டு வாசனையும் படியேறி வந்து உறுப்பினர்களோடு உட்கார்ந்துகொள்ளும். உடற்குறை உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு மாதம் முப்பது மலேசிய வெள்ளி கொடுத்துவந்தோம். இன்றைக்குக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு அது பயிற்சி நிலையத்துக்குப் போய்வரும் வேன் கட்டணத்துக்கும் பால்மாவுக்கும் சரியாக இருந்தது. எண்ணெய் விலை ஏறியதும் வேன்காரர் கட்டணத்தை ஏற்றினார். பின்னாலேயே அரிசி, சீனி, பால்மா என்று எல்லாம் ஏறின. அந்த ஆண்டு பினாங்கில் ஏறாமல் நின்றவை இரண்டு: எங்கள் முப்பது வெள்ளியும் என் சம்பளமும்.

விலை ஏறினால் கேட்பவர்கள் கூடுவார்கள், கொடுப்பவர்கள் குறைவார்கள். காத்திருப்போர் பட்டியல் நீண்டது. நிர்வாகக் குழு கூடி ஒரு முடிவெடுத்தது. உதவி பெறும் எல்லாக் குடும்பங்களையும் மறுபடி நேரில் போய்ப் பார்ப்பது; தாமே சமாளிக்கக்கூடியவர்களுக்கு நிறுத்திவிட்டு, காத்திருப்பவர்களுக்குக் கொடுப்பது. முடிவில் தப்பில்லை. பார்த்துவர என்னை அனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் தப்பு.

எங்கள் தலைவர் யாழ்ப்பாண வம்சாவளி. அரசாங்கத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பினாங்கு வெயிலிலும் டை கட்டுவார். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் 'நீர் காணும்' என்பார். அவர் 'நீர் காணும்' என்று தொடங்கினால், மாடியில் இருக்கும் எல்லோரும் தங்கள் கோப்பை அவசரமாகப் படிக்கத் தொடங்குவார்கள்.

என் வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன். யார் வீட்டுக்கும் திடுதிப்பென்று போய் நிற்கமாட்டேன். ஒரு வாரம் முன்னதாகக் கடிதம் அனுப்புவேன். 'தங்கள் இல்லத்தின் நிலையையும் குடும்பச் சூழலையும் மதிப்பிடும் பொருட்டு இன்ன நாள், இன்ன நேரத்தில் வருகை தருவேன்' என்று எழுதியிருப்பேன். அந்த வாசகம் நானே யோசித்து எழுதியது. தட்டச்சு செய்த அம்மாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டி ரசித்தேன். அவர் கொட்டாவி விட்டதை நான் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த பலகை வீடுகள் சந்து ஒன்றில் வரிசையாக இருந்தன. அந்த வரிசையில் மூன்று குடும்பங்கள் எங்கள் பட்டியலில் இருந்தன. திங்கள், புதன், வெள்ளி என்று ஆளுக்கொரு நாள் குறித்திருந்தேன்.

திங்கட்கிழமை பார்வதியின் வீடு. கணவர் துறைமுகத்தில் சுமை தூக்குபவர். ஒரே மகள் மல்லிகா. ஒன்பது வயது. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. கால் இரண்டும் விறைத்துக்கொள்ளும், வலது கைவிரல்கள் மடங்கிக்கொள்ளும், பேச்சு குழறும். பயிற்சி நிலையத்தில் பிடித்து நிற்கவைத்து நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே நுழைந்ததும் அசந்துபோனேன். பச்சை நிறத்தில் மெத்தென்ற சோபா. சன்னலில் பூப்போட்ட திரை. பீங்கான் தட்டில் உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப்பு. கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி மிதக்கும் ஆரஞ்சுத் தண்ணீர். மல்லிகா தீபாவளிக் கவுன் போட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு போர்த்தி, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க சார், உக்காருங்க," என்றார் பார்வதி.

உட்கார்ந்தேன். புதைந்தேன். "அடடா, நல்ல சோபாவா இருக்கே!" என்றேன்.

மல்லிகா சிரித்தாள். நான் உற்சாகமாகிவிட்டேன். பிள்ளைகளைச் சிரிக்கவைப்பதில் எனக்கொரு திறமை உண்டு என்று நெடுநாளாக ஒரு நம்பிக்கை. "திரைச்சீலை பிரமாதம்," என்றேன். இன்னும் கொஞ்சம் சிரித்தாள். "இந்தப் பீங்கான் தட்டு எங்கம்மா வாங்கினீங்க?" என்றேன். அவ்வளவுதான், அவள் சிரித்த சிரிப்பில் சோபாவே ஆடியது.

"பிள்ளைக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருச்சு போல," என்றேன் பார்வதியிடம்.

"ஆமா சார்," என்றார் அவர், மகளை முறைத்தபடி.

மூன்று கறிபாப்பு சாப்பிட்டேன். ஆபீசுக்கு வந்து அறிக்கை எழுதினேன்: 'வசதியான வரவேற்பறை. பிள்ளை மகிழ்ச்சியாக உள்ளது. இக்குடும்பம் உதவியின்றிச் சமாளிக்கக்கூடும் எனக் கருதுகிறேன்.' கருதுகிறேன் என்ற சொல்லை நான் ரொம்ப விரும்பிப் பயன்படுத்திய காலம் அது.

புதன்கிழமை, கண்பார்வை குறைந்த ஒரு பிள்ளையின் வீடு. பச்சை சோபா. பாராட்டினேன். இந்த வரிசையில் எல்லோரும் ஒரே கடையில் தவணைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அதைத் துப்பறிந்த பெருமையோடு அறிக்கையிலும் எழுதினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கே மனசு கேட்காது. பல ஆண்டுகள் கழித்து, பாயான் பாரு அடுக்குமாடி ஒன்றுக்குப் போய்வந்த ஒரு புதிய அதிகாரி, 'வீட்டில் புதிய சலவை இயந்திரம் உள்ளது. எனவே வசதியான குடும்பம்' என்று எழுதிக்கொண்டு வந்தார். நான் கேட்டேன்: "அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை படுக்கை விரிப்பை நனைக்குது?" அவருக்குத் தெரியவில்லை. மறுபடி போய்க் கேட்டுவந்தார். ஏழு. தாய் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்; இருந்த நகையை விற்று வாங்கிய இயந்திரம் அது. அந்த அதிகாரியை நான் திட்டவில்லை. சோபா விஷயத்தில் என் தகுதி என்னவென்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மூன்றாவது வீடு. காது கேளாத பிள்ளை. பச்சை சோபா. இந்த முறை பாராட்டும்போது எனக்கே கொஞ்சம் அலுப்பாக இருந்தது. வேலையை முடித்து, ஸ்கூட்டரைக் கிளப்பி, பெரிய சாலை வரை போன பிறகுதான் கையில் கோப்பு இல்லை என்பது தெரிந்தது. சோபாவின் மேல் வைத்துவிட்டேன். ஐந்து மணிக்குக் குழுக் கூட்டம். முதல் இரண்டு அறிக்கைகளும் தட்டச்சாகித் தலைவர் மேசையில் இருந்தன. திரும்பினேன்.

சந்துக்குள் நுழைந்ததும் பிரேக் பிடித்தேன்.

சோபா எதிரே வந்துகொண்டிருந்தது.

முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்திருந்தார்கள். நடுவில் பல்லக்கில் வருவதைப் போல மல்லிகா. அவள் மடியில் என் கோப்பு. பக்கத்தில் பார்வதி கையை நீட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"அண்ணே, மெல்ல லா! பிள்ள சாயுது பாருங்க!"

"சாயாது தங்கச்சி, நான் பிடிச்சிருக்கேன்ல? சோபா காலு கீழ தட்டாம மட்டும் பாத்துக்க. இன்னும் எட்டு மாசத் தவணை இருக்கு!"

அப்படிச் சொன்னவர் அந்தோணி அண்ணன். துறைமுகத்தில் சரக்கை எண்ணி எழுதும் கிளார்க். வரிசையின் கடைசி வீடு அவருடையது. அவர்தான் முதலில் என்னைப் பார்த்தார். சோபா மெதுவாகத் தரையில் இறங்கியது. தூக்கியவர்கள் இருவரும் சோபாவையே பார்த்தார்கள். மல்லிகா மட்டும் என்னைப் பார்த்து, திங்கட்கிழமை சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். அன்றைக்கு அவள் எதற்குச் சிரித்தாள் என்பது எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. என் நகைச்சுவைத் திறமை பற்றிய நம்பிக்கை அந்தச் சந்திலேயே முடிவுக்கு வந்தது.

"யார் சோபா இது?" என்றேன்.

"என்னோடது சார்," என்றார் அந்தோணி அண்ணன்.

"திங்கக்கிழமை?"

"அன்னைக்கும் என்னோடதுதான்."

"புதன்கிழமை?"

"நடுவுல யாருக்கும் விக்கல சார்."

எனக்குக் கோபம் வந்தது. ஏமாந்தவனுக்கு வரும் கோபம். அதில் பாதி வெட்கம். பார்வதியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். "ஏம்மா இப்படிச் செஞ்சீங்க? நல்லா வசதியா இருக்கீங்கன்னு எழுதிக் குடுத்துட்டேனே! இன்னைக்கு அஞ்சு மணிக்கு உங்க முப்பது வெள்ளிய நிறுத்தப் போறாங்க!"

அவர் முகம் வெளுத்தது. "நிறுத்தப் போறாங்களா? வீட்ட நல்லா வச்சிருந்தாத்தான் குடுப்பீங்கன்னு நினைச்சோமே சார்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான். வீடு சரியில்லன்னா, பிள்ளைய ஒழுங்காப் பாத்துக்கலன்னு எழுதி, ஹோமுக்குக் கொண்டுபோயிருவாங்கன்னு சொன்னாங்க." பிறகு நிமிர்ந்தார். "உங்க கடுதாசில என்ன எழுதியிருந்தீங்க? வீட்டு நிலைய மதிப்பிட வர்றேன்னு. மல்லிகாவப் பாக்க வர்றேன்னு அதுல ஒரு வரி இருந்துச்சா சார்? வீட்டப் பாக்க வர்றவருக்கு வீட்டைத்தானே காட்டணும்?"

நான் ரசித்து ரசித்து எழுதிய வாசகம். திங்கட்கிழமை அரைமணி நேரம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் துண்டுக்குக் கீழே இருந்த கால்களை நான் பார்க்கவே இல்லை.

"இப்ப உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டேன்.

"சோபாவ—" என்று தொடங்கினார் அந்தோணி அண்ணன்.

"வேண்டாம்ணே. அதை நான் நல்லாவே பாத்துட்டேன்."

பார்வதியின் உண்மையான வீட்டுக்குள் அன்றைக்குத்தான் போனேன். தரையில் பாய். இரவல் திரை இருந்த சன்னலில் வெறும் கம்பி. நான் பாயில் உட்கார்ந்தேன். மல்லிகாவை எதிரே உட்கார வைத்தார்கள். எதையும் எப்படிக் கேட்பது என்று எனக்குப் புரியவில்லை. படிவத்தில் இருந்த கேள்விகள் எல்லாம் வீட்டைப் பற்றியவை. கடைசியில் சும்மா கேட்டேன்: "நேத்துக் காலையில மல்லிகா கண்ணு முழிச்சதுலேர்ந்து என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

பார்வதி சொல்லச் சொல்ல என் பேனா ஓடியது. காலையில் விறைத்த கால்களை எண்ணெய் தேய்த்து இளக்க ஒரு மணி நேரம். கணவருக்கு இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை. "முன்ன மூட்டையாத் தூக்கினாங்க. இப்பல்லாம் பெரிய பெரிய பெட்டியா அக்கரையில எறங்குது. மெஷின் தூக்கிருது. காலையில போயி நிக்கிறாரு, ஆள் போதும்னு சொன்னாத் திரும்பி வந்துடறாரு." வேன் கட்டணம் ஏறியதும் வாரம் மூன்று நாள் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்துவிட்டார்கள். குறைத்த பிறகு இடது முழங்கால் முன்னைவிட அதிகமாக மடங்கிக்கொள்கிறது. இரும்புப் பட்டை வைத்த காலணி சிறிதாகிவிட்டது, முன்பக்கத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். வெட்டிய இடத்தில் ஐந்து விரல்களும் வெளியே தெரிந்தன. திங்கட்கிழமை துண்டு போர்த்தியிருந்தது அதை மறைக்கத்தான்.

முப்பது வெள்ளியும் நின்றால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் என்பது பூஜ்யமாகும். அதற்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை.

மணி நாலேகால். ஸ்கூட்டரில் ஏறினேன். போகும் வழியெல்லாம் ஒரு யோசனைதான். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அறிக்கையை வாபஸ் வாங்கலாம். தட்டச்சில் பிழை என்று சொல்லலாம். என் மானம் தப்பும். ஆனால் சோபா ஊர்வலம் நடந்தது வெட்டவெளியில். நாளைக்கு வேறு யார் வழியாகவாவது தலைவர் காதுக்குப் போகும். போனால், 'பொய்க்காட்சி காட்டியவர்கள்' என்று மூன்று குடும்பத்தையும் ஒரேயடியாகப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார். நேரில் நானே சொன்னாலும் அவர் அதையே செய்யலாம். இரண்டில் எது? நீங்களும் ஒரு நாள் இப்படி மாட்டிக்கொள்வீர்கள். அப்போது நான் சொல்வதை நம்புங்கள்: உங்கள் தப்பை உங்கள் வாயால், முதல் ஆளாக, முழுசாகச் சொல்லிவிடுங்கள். பாதி சொன்னால் மீதியை வேறு ஒருவர் சொல்வார். அவர் உங்களுக்கு வேண்டியவராக இருக்கமாட்டார்.

கூட்டம் தொடங்கியதும் எழுந்து நின்றேன். "சார், உங்க மேசையில இருக்கிற ரெண்டு அறிக்கையும் தப்பு. எழுதினவன் முட்டாள்." நடந்ததைச் சொன்னேன். கறிபாப்பு எத்தனை என்பதை மட்டும் குறைத்துச் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் காணும், ஒரே சோபாவை மூண்டு தரம் பார்த்தும் உமக்குத் தெரியேல்லையோ?"

"பாக்க முடியல சார். அது மேல உக்காந்திருந்தேன்."

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். தலைவர் சிரிக்கவில்லை. "அவையள் எங்களை ஏமாத்தப் பார்த்திருக்கினம். ஏமாத்துற ஆக்களுக்கு என்னத்துக்கு உதவி? காத்திருக்கிற குடும்பங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

நான் பயந்த கேள்வி அதுதான். ஆனால் பாயில் உட்கார்ந்து எழுந்து வந்தவனுக்குக் கொஞ்சம் தைரியம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏமாத்தறவங்க இருக்கிற சோபாவ ஒளிச்சு வைப்பாங்க சார். இல்லாத சோபாவ இரவல் வாங்கி வைப்பாங்களா? உதவி குடுக்க வர்றவன்கிட்டப் பணக்காரன்னு காட்டிக்கிட்டு யாருக்கு என்ன லாபம்? பிள்ளைய எடுத்துட்டுப் போயிருவோம்னு பயந்திருக்காங்க. பயமுறுத்தினது என் கடிதம்."

அவர் மேசையிலிருந்த என் கடிதத்தின் நகலை எடுத்து வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். நான் ரசித்த மாதிரி அவர் ரசிக்கவில்லை.

"சரி. விதி என்னெண்டால், அறிக்கை பிழையெண்டால் இன்னொரு ஆள் போய்ப் பார்க்கவேணும். அதுவரைக்கும் உதவியை நிறுத்தி வைப்பம். வாற மாசம் பேசலாம்."

"ஒரு மாசம் நிறுத்தினா வேன் நின்னுடும் சார். முழங்கால் அதுவரைக்கும் காத்திருக்காது. நிறுத்தாம வைங்க. நான் சொல்றது மறுபடியும் தப்பாப் போனா, என் சம்பளத்துலேர்ந்து பிடிச்சுக்குங்க."

"உம்மட சம்பளத்தை எழுதினவன் நான்," என்றார் தலைவர். "அதிலை பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

இந்த முறை எல்லோரும் வெளிப்படையாகவே சிரித்தார்கள். தலைவர் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அந்த இன்னொரு ஆள் நான்தான். இப்பவே போவம். உம்மட ஸ்கூட்டரை எடும்."

ஓய்வுபெற்ற அரசாங்கத் தலைமைக் கிளார்க் ஒருவர் டையோடு ஒரு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வெயில் சாயும் நேரத்தில் துறைமுகப் பக்கம் போனதை ஜார்ஜ்டவுனே பார்த்தது. டை காற்றில் பறந்து என் பிடரியில் அறைந்துகொண்டே வந்தது. அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

சந்து முனையில் நிறுத்தினேன். "சார், நீங்க இந்தக் கடையில ஒரு கோப்பி குடிங்க. பத்து நிமிஷம். நான் முதல்ல போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"என்னத்துக்கு? சொல்லாமல் போனால்தானே உண்மை தெரியும்?"

"சொல்லாமப் போனா அது சோதனை போடற மாதிரி சார். ஏற்கெனவே நம்மள பிள்ள பிடிக்கறவங்கன்னு நினைச்சிருக்காங்க."

அவர் கடைக்குள் போய் உட்கார்ந்தார்.

பார்வதியிடம் சொன்னேன்: "எங்க பெரியவர் வந்திருக்காரு. எதையும் மாத்தாதீங்க. எனக்குச் சொன்ன மாதிரியே அவர்கிட்டச் சொன்னாப் போதும். சோபா வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம், சரி," என்றார். "அவ்வளவு பெரிய மனுசன் டை கட்டிக்கிட்டு வந்திருக்காரு, பாயிலயா உக்கார வைக்கறது? அண்ணே!"

நான் தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சந்தில் சோபா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்தோணி அண்ணன் எங்களைப் பார்த்துத் தலையசைத்து வணக்கம் வைத்தார். கை இரண்டும் வேலையாக இருந்தன.

"அதுதானோ அந்தச் சோபா?" என்றார் தலைவர்.

"அதேதான் சார்."

நல்ல வேளையாக அவர் என்னைவிட விவரமானவர். உள்ளே போனதும் மறுபேச்சில்லாமல் அதில் உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைக் குடித்தார். இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கொடுப்பதைக் குடியுங்கள், காட்டும் இடத்தில் உட்காருங்கள், அதை அறிக்கையில் எழுதாதீர்கள்.

"பிள்ளை கிழமைக்கு எத்தனை நாள் பயிற்சிக்குப் போறா?" என்று கேட்டார்.

பார்வதி டையைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். பழைய பயம் வந்து அவர் வாயை அடைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். "மூணு நாள் சார். தவறாம அனுப்பிடுவோம்."

தலைவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். அரைமணி நேரத்துக்கு முன்னால் ஒரு குழுவின் முன் இரண்டு நாள் என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது 'அந்த அம்மா சொல்வது பொய்' என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் என் அறிக்கை பிழைக்கும். தன் வீட்டில், தன் மகள் முன்னால், ஒரு தாய் பொய்க்காரி ஆவார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நான் வாயை மூடிக்கொண்ட தருணங்கள் குறைவு. அதனால்தான் இது நன்றாக நினைவிருக்கிறது.

மல்லிகா ஏதோ சொன்னாள். குழறியது, எங்களுக்குப் புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள். தலைவர் குனிந்து, "என்னம்மா?" என்றார். அவள் எரிச்சலோடு ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு தன் வலது கையை மடியில் வைத்து, மடங்கியிருந்த விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்று. இரண்டு. அதோடு நிறுத்தி, அந்தக் கையைத் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மல்லிகா!" என்றார் பார்வதி, பதறிப்போய்.

தலைவர் அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, பயப்படாதையும். உம்மட பிள்ளையை ஒருத்தரும் கொண்டுபோக மாட்டினம். மூண்டு நாள் எண்டு நீர் சொன்னது பொய் இல்லை. மூண்டு நாள் போகவேணும் எண்டு நீர் நினைச்சிருக்கிறீர். அவ்வளவுதான்." பிறகு வெட்டிய காலணியில் தெரிந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீர் காணும்," என்றார் என்னிடம், இந்த முறை மெதுவாக. "எழுதும். முப்பது வெள்ளி நிக்காது. வேன் கட்டணம் எவ்வளவு ஏறினதோ அது தனி. பிள்ளையின்ரை காலுக்குப் புதுச் சப்பாத்து தனி. மற்ற ரெண்டு வீட்டையும் நாளைக்குப் பார்ப்பம்."

"காத்திருக்கிறவங்களுக்கு சார்?"

"அதுக்கு நான் இருக்கிறன்."

இருந்தார். அடுத்த வாரமே டையோடு கடை கடையாக ஏறி இறங்கினார். அந்த டையைப் பார்த்து, வருமான வரி அதிகாரி என்று பயந்து கொடுத்தவர்களும் உண்டு. அவர் யாரையும் திருத்தவில்லை. நான் என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். 'மல்லிகாவைப் பார்க்க வருகிறேன். எதையும் தயார் செய்ய வேண்டாம்' என்று, அந்தந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டு இரண்டே வரி. படிவத்தில் வீட்டுப் பொருள்கள் என்ற பத்தியை அடித்துவிட்டு, முதல் கேள்வியைப் பிள்ளையிடமே கேட்பது என்று வைத்தோம். பேச முடியாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள். பொறுமையாகக் கேட்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் நான் போனபோது ஸ்கூட்டரிலிருந்து இன்னும் காலைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் புதுக் காலணியோடு உட்கார்ந்திருந்த மல்லிகா, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டாள். ஒரு விரல் நிமிர்ந்தது. இரண்டாவது நிமிர்ந்தது. மூன்றாவது விரல் கொஞ்சம் அடம்பிடித்தது. அது நிமிரும்வரை நான் வண்டியிலேயே காத்திருந்தேன்.